பழைய இலக்கியங்களைக் கணினியில் ஒப்பிடுவது என்றால் என்ன?

ஒரு மொழியின் கதை இன்னொரு மொழிக்குப் போகும்போது எது அப்படியே வந்தது, எது மாறியது என்று இரண்டு நூல்களையும் கணினியில் ஏற்றித் தேடுவது, அவ்வளவுதான். எங்கள் தேரழுந்தூர்க் கம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். வால்மீகியில் சுமார் 24,000 சுலோகம், கம்பரில் 10,000-க்கும் மேல் பாட்டு. விரல் வைத்து ஒப்பிட்டால் ஆயுள் போதாது (வித்வான்கள் செய்தார்கள், அது வேறு கதை). ஆனால் ஒரு சிக்கல்: லக்ஷ்மணன் கம்பரிடம் இலக்குவன், விபீஷணன் வீடணன். எழுத்தை மட்டும் பார்க்கும் கணினிக்கு இவர்கள் வேறு வேறு ஆட்கள். அப்பா போனில் 'டிராக்டர் மணி', அண்ணன் போனில் 'மணி மாமா', நம்பரைப் பார்த்தால்தானே ஒரே ஆள் என்று தெரிகிறது, அதுபோல முதலில் பெயர்களுக்கு ஒரு பொது அடையாளம் கொடுக்க வேண்டும். அப்புறம் காட்சிக்குக் காட்சி பொருத்தலாம். மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை இலவச மின்பதிப்பாகத் தருவதால் தமிழ்ப் பக்கம் பஞ்சமில்லை.

பலர் நினைப்பது போல, பொருந்துவதெல்லாம் நகல் என்று கணினி தீர்ப்புச் சொல்லாது. வால்மீகியில் சீதையைக் கையால் பற்றித் தூக்கும் இராவணன், கம்பரில் அவளைத் தொடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான், அது ஏன் என்று படிக்கிற ஆள்தான் யோசிக்க வேண்டும்.