காராவைப் பற்றி உங்கள் மகனிடம் கேளுங்கள்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். நாங்கள் ஊர் மாறி வந்த பிறகு அவனுக்கு நண்பர்களே அமையவில்லை. பள்ளி விட்டு வந்ததும் ‘நருட்டோ’ என்ற ஜப்பானிய அனிமே தொடரில் மூழ்கிவிடுகிறான். வெளியே போய் யாரோடாவது பழகச் சொன்னால், “நருட்டோவுக்கு அப்பா, அம்மா, ஃபிரெண்ட்ஸ் யாருமே இல்லை. தனியாகவே பெரிய ஆளானான். எனக்கும் யாரும் வேண்டாம்” என்கிறான். தொடர் பார்ப்பதை நிறுத்திவிடட்டுமா?
— ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். தனிமையில் இருக்கும் பிள்ளை தனக்கு நிகராக ஒருவனைக் கண்டுபிடித்திருக்கிறான். அவனையும் பிடுங்கிக்கொண்டால் அவனுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. ஆனால் அவன் அந்தக் கதையைப் பாதிதான் உள்வாங்கியிருக்கிறான். மீதிப் பாதியை நீங்களும் அறிந்துகொண்டால் அவனோடு பேச ஒரு வழி பிறக்கும்.

மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயங்களாக வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை இது. தொலைக்காட்சியில் 2002-இல் தொடங்கி, இரண்டு பகுதிகளாக 720 எபிசோடுகள் வந்தன. ஊரையே அழிக்க வந்த ஒன்பது வால் நரி ஒன்றைப் பச்சிளங்குழந்தையான நருட்டோவின் உடலுக்குள் அடைத்துவிடுகிறார்கள். அன்றே பெற்றோரை இழந்த அவனை ஊரார் நரியாகவே பார்த்து ஒதுக்குகிறார்கள். அவன் ஒரு சிறிய வீட்டில் தனியாக வசிக்கிறான். யாராவது திரும்பிப் பார்க்க மாட்டார்களா என்பதற்காகவே குறும்பு செய்கிறான். உங்கள் மகன் சொல்வது இதுவரையில் உண்மைதான்.

ஆனால் அந்தத் தனிமை முதல் எபிசோடிலேயே உடைகிறது. மிசுகி என்ற வஞ்சகன் நருட்டோவைக் குறிவைத்துப் பெரிய சுழல் ஆயுதம் ஒன்றை வீசும்போது, நிஞ்சா வீரர் பள்ளியில் அவனுடைய ஆசிரியரான இருக்கா குறுக்கே பாய்ந்து அதைத் தன் முதுகில் தாங்கிக்கொள்கிறார். அதே நரியின் தாக்குதலில்தான் இருக்காவும் தன் பெற்றோரைப் பறிகொடுத்தார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அந்தப் பையனை வெறுக்க ஊரில் எவருக்கும் குறையாத காரணம் அவருக்கும் இருந்தது. அவரோ, நருட்டோ அருகில் ஒளிந்திருப்பதை அறியாமல், அவன் நரி அல்லன், தன் மாணவன் என்று மிசுகியிடம் அடித்துச் சொல்கிறார். மரத்தின் பின்னால் நின்று அதைக் கேட்டு அழுகிறானே, அந்தக் கணத்திற்குப் பிறகுதான் அதுவரை எந்தத் தேர்விலும் கைகூடாத வித்தை அவனுக்கு வசப்படுகிறது. தன்னை நம்பிய ஒருவரைக் காப்பாற்ற எழுந்தபோதுதான் அவனுக்கு முதல் வெற்றி கிடைத்தது. சண்டை முடிந்ததும் இருக்கா அவனைக் கண்களை மூடச் சொல்லி, நிஞ்சா ஆனதற்கு அடையாளமான தன் நெற்றிப்பட்டையைக் கழற்றி அவன் நெற்றியில் கட்டுகிறார்.

யாரும் வேண்டாம் என்று உண்மையாகவே வாழ்ந்து பார்த்த பையன் அந்தக் கதையில் வேறொருவன் இருக்கிறான். அவன் பெயர் காரா. அவனுக்குள்ளும் ஓர் அரக்கன் அடைக்கப்பட்டிருந்தான். அவனையும் ஊர் வெறுத்தது. நருட்டோவுக்கு இருக்கா கிடைத்ததுபோல் காராவுக்கு யாரும் கிடைக்கவில்லை. தன்னிடம் அன்பு காட்டிய தாய்மாமனே, தந்தையின் கட்டளைப்படி தன்னைக் கொல்ல வந்ததைப் பார்த்த பிறகு, தன்னை மட்டுமே நேசிப்பது, தனக்காக மட்டுமே போரிடுவது என்று அவன் முடிவெடுக்கிறான். பின்னாளில் அவனும் நருட்டோவும் மோதிக் களைத்து மண்ணில் விழுந்த பின்னும் நருட்டோ தாடையை ஊன்றி ஊர்ந்து வருகிறான். தன்னைத் தனிமையிலிருந்து மீட்டவர்களைக் காக்கத்தான் போரிடுவதாகச் சொல்கிறான். காரா தோற்றது அந்தப் பதிலிடம்தான் என்பது என் கருத்து. அதன்பின் அவன் முதலில் செய்வது, தன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்பது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். தன்னைக் கொல்லவும் துணிந்த நண்பன் சாசுகேயை நருட்டோ கைவிடாமல் துரத்திக்கொண்டே போவது கதையில் அழகாக இருக்கலாம். துன்புறுத்துகிற நண்பனையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை அதிலிருந்து புரிந்துகொள்ளக் கூடாது. அந்தப் பகுதி வரும்போது இதை அவனிடம் வெளிப்படையாகவே பேசுங்கள்.

இனி, ஒரு தாயாக நீங்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நருட்டோ பிறந்த இரவில், நரியின் நகம் உடலைத் துளைத்திருக்க, சாகும் தறுவாயில் அவன் தாய் குஷினா குழந்தையிடம் பேசுகிறாள். வீரம், பகை, பழி எதையும் அவள் பேசுவதில்லை. இது பிடிக்காது அது பிடிக்காது என்று சொல்லாமல் வயிறாரச் சாப்பிடு, தினமும் குளி, நேரத்தோடு தூங்கு, நண்பர்களைத் தேடிக்கொள், நிறையப் பேர் வேண்டாம், உண்மையாக நம்பத்தக்க சிலர் போதும் என்கிறாள். தந்தை மினாட்டோவோ, உன் அம்மா சொன்னதுதான் நானும் சொல்ல நினைத்தது என்று முடித்துக்கொள்கிறார். நீங்கள் நாள்தோறும் உங்கள் மகனிடம் சொல்லி அலுத்துப்போன அதே வார்த்தைகள்! பல ஆண்டுகள் கழித்து, தனக்குள் அவள் விட்டுச்சென்ற சக்தியின் வடிவில் தாயைச் சந்திக்கும்போது, நரியைச் சுமக்க வைத்ததற்காக அவள் மன்னிப்புக் கேட்க, அவளுக்கு மகனாகப் பிறந்ததில் மகிழ்ச்சி என்கிறான் நருட்டோ. பெற்றோர் இல்லாதவன் என்று உங்கள் மகன் சொன்னானே, அவர்களுடைய அன்பு அவனைப் பிறப்பிலிருந்தே காத்துவந்தது என்பதை அந்த இடம் வரும்போது அவனே உணர்வான்.

ஆகவே, இன்று மாலை அந்த முதல் எபிசோடை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். நடுவில் அறிவுரை சொல்லாதீர்கள். யார் யார், என்ன வித்தை என்று அவனையே விளக்கச் சொல்லுங்கள். சில நாள் கழித்து, “காராவுக்கு ஓர் இருக்கா சார் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்று கேளுங்கள். அவன் வகுப்பிலும் இதே தொடரைப் பார்க்கும் பிள்ளை ஒருவனாவது இருக்கக்கூடும். வகுப்பாசிரியரிடம் விசாரித்து, ஒரு சனிக்கிழமை அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள். ஒரே ஒருவன் போதும். இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் மகன் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்குப் போகவே மறுத்தால், தாமதிக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.