பெயர் எழுதிய பொட்டலம்

அன்புள்ள ஐயா,

ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு ஜப்பானிய சப்ளையர் அனுப்பிய பரிசை, விதிப்படி திருப்பி அனுப்பச் சொன்னார்கள். எனக்கே கூச்சமாகிவிட்டது. பரிசு கொடுப்பது அவர்கள் பண்பாடு. அதை மேற்கத்திய அளவுகோலால் அளந்து லஞ்சம் என்பது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கூச்சப்பட்டதில் தப்பில்லை. ஜப்பானில் கோடையில் ஓச்சூகென், வருடக் கடைசியில் ஓசெய்போ என்று பரிசுக்கென்றே இரண்டு பருவங்கள் உண்டு. பொட்டலத்தின் மேல் 'நோஷி' என்ற தாளைச் சுற்றி, கொடுப்பவர் பெயரை அதில் எழுதுவார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

லாக்ஹீட் ஊழல் நடந்ததும் அதே ஜப்பானில்தான். விமானம் விற்க அந்த அமெரிக்க நிறுவனம் கொடுத்த பணத்துக்கான ரசீதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? வேர்க்கடலை! நூறு கடலை என்றால் பத்துக் கோடி யென். 1976இல் விஷயம் வெளியே வந்தபோது 'இது எங்கள் பண்பாடு' என்று ஜப்பானியர்கள் சமாதானம் சொல்லவில்லை. முன்னாள் பிரதமர் தனாகாவையே கைது செய்தார்கள்.

வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதை அமெரிக்கா குற்றமாக்கியதே அதற்கு அடுத்த வருடம்தான். ஜெர்மனி கதை இன்னும் வேடிக்கை. வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தைச் செலவுக் கணக்கில் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள 1999 வரை அங்கே வழி இருந்தது. உள்ளூரில் குற்றம், எல்லை தாண்டினால் தொழில் செலவு! 'அவர்கள் பண்பாடு அப்படி' என்ற பேச்சு யாருக்கு வசதியாக இருந்தது, பாருங்கள். சிங்கப்பூரின் 1960ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டமோ, 'இந்தத் தொழிலில் இது வழக்கம்தான்' என்பதைச் சாட்சியமாகவே ஏற்கக் கூடாது என்கிறது. அதனால் மேற்கத்திய அளவுகோல் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சரி, உங்கள் பொட்டலத்துக்கு வருவோம். அது வந்த சமயத்தில் அவர்களுடைய விலைப்புள்ளி உங்கள் மேஜையில் இருந்ததா? இருந்திருந்தால், எவ்வளவு சின்னப் பரிசானாலும் திருப்பியது சரிதான். எங்கள் விதி இப்படி, மன்னியுங்கள் என்று நீங்களே நாலு வரி எழுதிப் போடுங்கள், அவர்கள் மனம் கோணாது. இல்லையென்றால், பதிவேட்டில் குறித்துவிட்டு ஆபீசில் எல்லோருக்குமாகப் பிரித்துக்கொள்ள விதியில் இடமுண்டா என்று மேலதிகாரியிடம் கேட்டிருக்கலாம். ஜப்பானிய ஆபீசுகளிலும் அப்படிப் பகிர்ந்துகொள்வது உண்டு.

ஆனால் என்றைக்காவது உங்கள் வீட்டு முகவரிக்கு ஒன்று வந்தால், பிரிக்காமலே ஆபீசுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.