சித்திரை வெயிலில் ஏரிப் பாம்பு வீட்டுக்கு வந்தால்

கேள்வி: பனமரத்துப்பட்டி ஏரியோரம் எங்கள் வீடு. தண்ணீர் வற்ற வற்ற, குளியலறையிலும் மாட்டுக் கொட்டகையிலும் பாம்பு வருகிறது. போன வாரம் இடிமழை பெய்த ராத்திரி மட்டும் இரண்டு. ஒன்றின் படத்தை அனுப்பியிருக்கிறேன். வீட்டைச் சுற்றி மருந்து தூவிக் கட்டுப்போட ஒருவர் 5,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். படத்தில் இருப்பது தண்ணீர்ப் பாம்பு. உடம்பு முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கிறது, கண்ணிலிருந்து இரண்டு கறுப்புக் கோடுகள் சாய்வாக இறங்குகின்றன, பாருங்கள். சீண்டினால் கழுத்தைத் தட்டையாக்கிக் காட்டும். அதைப் பார்த்துத்தான் நல்லபாம்பு என்று அடித்துக் கொன்றுவிடுகிறோம். கடிக்கும், ஆனால் விஷம் கிடையாது. ஏரி சுருங்கியதும் மீனும் தவளையும் தேடிக் கரையேறி, ஈரம் இருக்கும் குளியலறைச் சாக்கடை வழியாக உள்ளே வருகிறது. கோடை மழை பெய்த அன்று தவளைகள் கிளம்பும், பொந்துகளில் தண்ணீர் இறங்கும். அதனால்தான் அன்றைக்கு இரண்டு.

இப்போது அந்த ஆளுக்கு வருவோம். பூண்டு, கந்தகம், பினாயில், வேர், மந்திரித்த எலுமிச்சை, எதற்கும் பாம்பு விலகிப் போகாது. இவர்களில் பலர் பாம்பைப் பையிலேயே கொண்டு வருகிறார்கள். நீங்கள் தண்ணீர் எடுக்கத் திரும்பும் நேரத்தில் விறகுக் குவியலில் விட்டுவிட்டு, அப்புறம் மகுடி ஊதிப் பிடிப்பார்கள். பெரும்பாலும் பல் பிடுங்கிய நல்லபாம்பு. வேலை தொடங்கும் முன் பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், கிளம்பிவிடுவார். பாம்பைப் பிடித்து வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் ஊர் ஊராகப் பட்டப்பகலில் நடக்கிறது, கேட்க ஆளில்லை. தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொன்னால் வந்து பிடிப்பார்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

இந்தத் தண்ணீர்ப் பாம்புக்குப் பயப்பட வேண்டாம். விஷப் பாம்புகளில், தூங்கும்போது முக்கியமாகப் பயப்பட வேண்டியது ஒன்று: கட்டுவிரியன். எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். பளபளக்கும் கறுப்பு உடம்பு, மெல்லிய வெள்ளை வளையங்கள். பகலில் மந்தமாகக் கிடக்கும், ராத்திரியில்தான் நடமாட்டம். புழுக்கம் தாங்காமல் நாம் திண்ணையிலும் தரையிலும் பாய் விரித்துப் படுக்கும் மாதங்களில் பாய்க்குள் நுழைந்துவிடும். கடித்தால் பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் வராது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகும். கடித்தது தெரியாமலே தூங்கிக்கொண்டிருப்பார்கள். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, தொண்டை அடைப்பு, கண் இமை தூக்க முடியாமை. "சாப்பிட்டது சேரவில்லை" என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைத் தொலைக்கிறார்கள். தரையில் படுத்தவருக்குக் காலையில் இமை தொங்கினால், கடி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அந்த 5,000 ரூபாயில் கட்டிலும் கொசுவலையும் வாங்குங்கள். வலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் சுற்றிலும் செருகுங்கள். மிச்சத்தில் சாக்கடைத் துளைக்குக் கம்பிவலை, கையில் ஒரு டார்ச். விறகையும் தீவனத்தையும் சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள், எலி குறையும்.

கடிபட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. மருத்துவமனை வாசலிலேயே "இங்கே மருந்து இல்லை, எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று வண்டியைத் திருப்பும் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நிற்காமல் நேராக உள்ளே போய் மருத்துவரிடமே கேளுங்கள். 2024-இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. நல்ல காரியம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எந்தச் சுகாதார நிலையத்தில் மருந்தும் மருத்துவரும் சேர்ந்து இருப்பார்கள் என்று ஓர் ஊர்ப்பலகையாவது வைக்க வேண்டாமா? அதுவரை நீங்களே பகலில் ஒருமுறை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்டு வையுங்கள். அங்கே கிடைக்காது என்றால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே நேராகப் போகவேண்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.