வாசகர் கேள்வி: திடீர் பக்கவாதத்துக்கு வீட்டிலேயே ஆஸ்பிரின் தரலாமா?

கேள்வி: இரத்தக்கொதிப்பு உள்ள என் தந்தைக்குத் திடீரென வாய் கோணி, கை விழுந்தால், ஆஸ்பிரின் கொடுத்துவிட்டு மதுரைக்குக் கிளம்பலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: கொடுக்காதீர்கள். பக்கவாதம் மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டும் வரலாம், வெடித்தும் வரலாம். எது என்பது சிடி ஸ்கேன் எடுத்த பிறகே உறுதியாகும் என்பதாலும், கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கக்கூடும் என்பதாலும், விழுங்க இயலாதவருக்குத் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் இறங்கலாம் என்பதாலும், வாய்வழியாக எதையும் தராமல் 108-ஐ அழையுங்கள். புறா இரத்தம் தேய்க்கச் சொல்லும் உறவினர்களுக்குப் பதில் சொல்ல அப்போது நேரமில்லை.

அடைப்பாயின், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைபட்ட சிலருக்கு 24 மணி நேரம் வரை வடிகுழாய் மூலம் கட்டியை அகற்றலாம். ஆகவே அவர் கடைசியாக நலமாக இருந்த நேரத்தை மருத்துவரிடம் கூறுங்கள். தூக்கத்தில் வந்திருந்தால், விழித்த நேரத்தை அன்று, படுக்கச் சென்ற நேரத்தையே கூற வேண்டும்.