துடைத்த நான்காம் நாளே திரும்பி வரும் தொல்லை

கேள்வி: சென்னிமலையில் கைத்தறிப் போர்வை, பெட்ஷீட் மொத்த வியாபாரம் செய்கிறோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் வடிவமைப்பாளர் ஒருவர் எங்களுக்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இணையதளம் அமைத்துத் தந்தார். இப்போது அவர் தொடர்பில் இல்லை. கூகுளில் எங்கள் நிறுவனப் பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்துகள் வருவதாகவும், சொடுக்கினால் கைப்பை விற்கும் ஏதோ ஒரு கடை திறப்பதாகவும் பெங்களூரு வாடிக்கையாளர் படம் எடுத்து அனுப்பினார். எங்கள் கணினியில் தளம் சரியாகவே தெரிகிறது. பணம் கொடுத்துச் சுத்தம் செய்தோம். நான்காம் நாளே மீண்டும் வந்துவிட்டது. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், சென்னிமலை.

பதில்: வாடிக்கையாளர் பார்த்ததும் உண்மை, நீங்கள் பார்ப்பதும் உண்மை. உள்ளே நுழைந்தவர்கள் வைத்திருக்கும் நிரல், வருபவர் யார் என்று பார்த்துத்தான் பக்கத்தைக் காட்டுகிறது. முகவரியை நேரே தட்டி வரும் உங்களுக்குப் போர்வைப் படங்கள். பக்கங்களைத் திரட்ட வரும் கூகுளுக்கு ஜப்பானிய மொழியில் போலிச் சரக்குப் பக்கங்கள். கூகுள் வழியே வருபவருக்கு அந்தக் கைப்பைக் கடை. கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் என்ற சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதித் தேடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை பக்கங்கள் முளைத்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

சுத்தம் செய்தவர் கண்ணுக்குத் தெரிந்த கோப்புகளை மட்டும் நீக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். இத்தகைய தாக்குதலில் ஈடுபடுவோர் மீண்டும் நுழைய ஒளித்து வைக்கும் கள்ளவழி ஒன்றோடு நிறுத்திக்கொள்வதில்லை. தளத்தில் நீங்கள் ஏற்றும் படங்கள் சேரும் அப்லோட்ஸ் கோப்புறையை, ஆண்டு வாரியாக, மாத வாரியாகத் திறந்து பாருங்கள். அங்கே படங்களும் பிடிஎஃப் விலைப்பட்டியல்களும்தான் இருக்க வேண்டும். பி.எச்.பி. என்று முடியும் கோப்பு, அதாவது இயங்கக்கூடிய நிரல், ஏதேனும் தென்பட்டால், அதன் பெயர் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், அதைச் சந்தேகித்தே ஆக வேண்டும். அடுத்து, வடிவமைப்பாளர் சோதனைக்காகப் போட்டு மறந்துபோன பழைய தளம் ஏதேனும் அதே ஹோஸ்டிங் கணக்கில் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுத்த இணைய இடத்தில்) கிடக்கிறதா என்று பாருங்கள். முன்வாசலைத் துடைத்த சில நாளில் கொல்லைப்புறம் வழியாக அழுக்கு திரும்புவதற்கு, நான் பார்த்த அளவில், இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. வேர்ட்பிரஸ் பயனர் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத நிர்வாகி யாரும் இருக்கிறாரா என்றும் கவனியுங்கள். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியிலும் உரிமையாளர் பட்டியலைப் பாருங்கள். இந்த ஜப்பானிய வகைத் தாக்குதலில் வந்தவர்கள் தங்களையே உரிமையாளராக அங்கே சேர்த்துக்கொள்வது வழக்கம்.

ஆகவே, கெட்ட கோப்பைத் தேடித்தேடி அழிப்பதை விட்டுவிடுங்கள். இப்போதுள்ள நிலையை அப்படியே ஒரு பிரதி எடுத்து, சர்வருக்கு (தளம் இருக்கும் கணினிக்கு) வெளியே வைத்த பிறகு, வேர்ட்பிரஸ், தீம் (தளத்தின் தோற்றத்தை அமைப்பது), ப்ளகின் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) அனைத்தையும் நீக்கி, அவற்றின் அதிகாரப்பூர்வத் தளங்களிலிருந்து புதிதாக இறக்கி நிறுவச் சொல்லுங்கள். பழையதில், தளத்தின் எழுத்துகள் சேமிக்கப்பட்டுள்ள டேட்டாபேஸும் படங்களும் மட்டுமே, அவையும் சோதிக்கப்பட்ட பின்பே, திரும்ப வரலாம். பிறகு ஹோஸ்டிங், எஃப்டிபி (கோப்புகளைச் சர்வருக்கு ஏற்றும் வழி), டேட்டாபேஸ், நிர்வாகி, மின்னஞ்சல் ஆகிய எல்லாவற்றின் பாஸ்வேர்டுகளையும் ஒரே நாளில் மாற்றுங்கள். வேர்ட்பிரஸின் அமைப்புகள் அடங்கிய கான்ஃபிக் கோப்பில் உள்ள ரகசியச் சாவிகளையும் மாற்றச் சொல்ல மறக்க வேண்டாம். அவற்றை மாற்றினால்தான் ஏற்கெனவே உள்ளே லாகின் செய்து உட்கார்ந்திருப்பவர் வெளியேற்றப்படுவார்.

முதலில் எப்படி நுழைந்தார்கள் என்பதற்கு 2020 செப்டம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். வேர்ட்பிரஸில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் பயன்படுத்திய ஃபைல் மேனேஜர் என்ற ப்ளகினில், மாதிரிக்காக வைக்கப்பட்டிருந்த ஒரு கோப்பு, எவரும் இயக்கக்கூடிய நிலையில் விடப்பட்டிருந்தது. லாகின் செய்யாமலேயே யார் வேண்டுமானாலும் எந்தக் கோப்பையும் தளத்தில் ஏற்ற அதுவே வழியாயிற்று. திருத்திய பதிப்பு செப்டம்பர் 1 அன்றே வெளிவந்தது. அப்டேட் செய்யாத தளங்களில் தாக்குதல் தொடர்ந்தது. தாக்கியவை தானியங்கி நிரல்கள். அவை தளம் தளமாகக் கதவைத் தட்டிப் பார்த்துச் செல்கின்றனவே தவிர, அது போர்வைக் கடையா வங்கியா என்று கேட்பதில்லை. ஆறு ஆண்டுகளாக அப்டேட் பொத்தானை யாரும் தொடவில்லை என்றால், உங்கள் தளம் எப்படித் திறந்துகொண்டது என்று நெடுநேரம் யோசிக்க வேண்டியதில்லை. விலை கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை உரிமம் உடைத்த இலவசப் பிரதியாக வடிவமைப்பாளர் போட்டிருந்தாலும் கதை இதுதான். அத்தகைய பிரதிகளில் கள்ளவழியைச் சேர்த்தே விநியோகிப்பவர்கள் உண்டு. ப்ளகின்களுக்குத் தானியங்கி அப்டேட் வசதி 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதை இயக்கிவிட்டு, பயன்படாத ப்ளகின்களை முடக்கி வைக்காமல் அடியோடு நீக்கிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்த வடிவமைப்பாளர் தொடர்பில் இல்லை என்ற வரிதான். டொமைன், அதாவது உங்கள் தள முகவரி, யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். கடையின் பத்திரத்தைப் பிறர் பீரோவில் வைக்க நாம் சம்மதிப்பதில்லை. டொமைனை மட்டும் எத்தனையோ சிறு வியாபாரிகள் அப்படித்தான் விட்டு வைத்திருக்கிறார்கள். டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் உங்கள் மின்னஞ்சலுக்கு மாற வேண்டும். பாஸ்வேர்டை மறந்துவிட்டதாகச் சொல்லி மற்றக் கணக்குகளைக் கைப்பற்ற அந்த மின்னஞ்சல் ஒன்றே போதும் என்பதால், முதலில் அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். வாரம் ஒரு பேக்கப் எடுத்து, அதில் ஒரு பிரதியையாவது ஹோஸ்டிங்குக்கு வெளியே வைத்திருங்கள்.

இன்னொன்று, பலர் அறியாதது. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, தளத்துக்குள் ஊடுருவித் தீய நிரலைச் சேர்ப்பது போன்ற நிகழ்வுகளை, தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்கு நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அவ்வாண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டது. அதுவும் முடிந்து நாளாகிவிட்டது. தாமதமானாலும் தெரிவித்துவிடுங்கள். யாரேனும் பணம் இழந்திருந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பாத்திரக் கடைத் தளத்தில் ஆன்லைன் விற்பனை இல்லை, படங்களும் ஜிபே க்யூஆர் குறியும்தான் உள்ளன. முகவரிக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் இருக்கிறதே, போதாதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: போதாது அம்மா. அது வாடிக்கையாளரின் போனுக்கும் உங்கள் சர்வருக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்காமல் காக்கிறது. சர்வருக்குள் நுழைபவரைத் தடுப்பது அதன் வேலையே அல்ல. எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் மோசடித் தளங்களும் அதை வைத்திருக்கின்றன. முகவரிக்கு அருகே தெரிந்த பூட்டுப் படத்தை நம்பகத்தின் அடையாளமாக மக்கள் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால்தான் 2023இல் குரோம் உலாவி அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

உங்கள் தளத்தில் காக்க வேண்டியது அந்த க்யூஆர் குறிதான். உள்ளே வந்தவர் அந்த ஒரு படத்தை மட்டும் தன்னுடையதாக மாற்றிவிட்டால், தளத்தில் வேறெதுவும் மாறியதாகத் தெரியாது. உங்கள் வாடிக்கையாளரின் பணம் மட்டும் வேறு கணக்குக்குப் போய்விடும். திங்கள்தோறும் கடை திறந்ததும், உங்கள் தளத்தைக் கூகுளில் தேடித் திறந்து, வேறொரு போனால் அந்தக் குறியை ஸ்கேன் செய்து, உங்கள் கடைப் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.