இரு கைகள், ஒரே கோடு

கேள்வி: கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் வரையப்பட்ட பெரிய ஓவியங்களைப் பார்த்ததிலிருந்து தெருவோவியத்தில் ஆர்வம் ஏற்பட்டுள்ளது. பிரேசிலைச் சேர்ந்த ‘ஓஸ் ஜேமியோஸ்’ இரட்டையரில் யார் எதை வரைகிறார்? அருங்காட்சியகங்கள் வரை சென்றுவிட்டவர்களை இன்னமும் தெருவோவியர்கள் என்று சொல்லலாமா?
— வாசகி ஒருவர், துரைப்பாக்கம்

பதில்: பிரித்துச் சொல்ல இயலாது. நம் பழைய சினிமா பேனர் கூடங்களில் கட்டம் போட்டு உருவத்தைப் பெரிதாக்கும்போது, முகத்தை மாஸ்டர் தீட்டுவார். பின்னணியையும் மற்ற வேலைகளையும் உதவியாளர்கள் முடிப்பார்கள். 1974-இல் சாவோ பாவ்லோவில் பிறந்த ஒட்டாவியோ, குஸ்தாவோ பந்தோல்ஃபோ சகோதரர்களிடம் இத்தகைய பங்கீடு கிடையாது. சிறுவயது முதலே சேர்ந்து வரைந்து பழகியதால், ஒருவர் தொடங்கிய உருவத்தை மற்றவர் எந்த இடத்திலிருந்தும் தொடர்கிறார்.

அவர்களுடைய மனிதர்களைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளலாம். மஞ்சள் தோல், பெரிய தலை, குச்சி போன்ற கைகால்கள். சற்று நெருங்கிப் பார்த்தால், உருவங்களின் ஓரக்கோடு கறுப்பாக இல்லாமல் பெரும்பாலும் கருஞ்சிவப்பில் நூலிழைபோல் ஓடுவதும், சட்டையிலும் பாவாடையிலும் பூக்களும் கட்டங்களும் இடைவெளியின்றி நிரம்பியிருப்பதும் தெரியும். அவர்களுடைய தாயார் எம்பிராய்டரி வேலை செய்பவர் என்பதை அறிந்தபின் அந்தத் துணிகளை நான் இன்னும் நிதானமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

இந்தப் பாணியில் பணத்தட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு. 1980-களில் ஹிப்-ஹாப் அலையோடு அவர்கள் சுவருக்கு வந்தபோது ஸ்ப்ரே பெயின்ட் எளிதில் வாங்கக்கூடிய விலையில் இல்லை. ஆகவே வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயின்டை உருளையால் பூசிப் பரப்பை நிரப்பிவிட்டு, கோடுகளுக்கு மட்டும் ஸ்ப்ரேயைச் சிக்கனமாகப் பயன்படுத்தினார்கள். 1993-இல் சாவோ பாவ்லோவுக்கு வந்த அமெரிக்க ஓவியர் பாரி மெக்கீயின் நட்பு, வெளியுலகத்தோடு அவர்களுக்குத் தொடர்பை ஏற்படுத்தியது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 2008-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரில் வரைய அவர்கள் அழைக்கப்பட்டார்கள். அதே ஆண்டில் சொந்த ஊரில் அவர்களும் நண்பர்களும் வரைந்திருந்த நீண்ட சுவரோவியத்தின் பெரும்பகுதியை நகராட்சிப் பணியாளர்கள் சாம்பல் நிறத்தால் பூசி அழித்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு, அதே சுவரில் மீண்டும் வரைந்தார்கள். 2014-இல் கனடாவின் வான்கூவரில், கான்கிரீட் ஆலை ஒன்றின் ஆறு சேமிப்புக் கோபுரங்களைச் சுற்றிலும் ராட்சத மனிதர்களைத் தீட்டினார்கள். அந்த ஆலை இன்றும் இயங்குகிறது. சிமென்ட் லாரிகள் அந்த உருவங்களின் காலடியில்தான் வந்துபோகின்றன. நுழைவுச்சீட்டு வாங்காமல் எவரும் காணக்கூடிய இத்தகைய சுவர்களை விடாதவரை, அவர்களைத் தெருவோவியர்கள் என்றே நான் சொல்வேன்.