க்ளவுன் குஞ்சு நாலாவது நாள்லயே செத்துப்போகுதா? மீனுக்கு முன்னாடி தீனியை வளர்க்கணும்

கேள்வி: வணக்கம் சார். வீட்ல 200 லிட்டர் கடல் தண்ணி டேங்க்ல ஒரு ஜோடி க்ளவுன் ஃபிஷ் இருக்கு. ரெண்டு மாசமா உள்ள போட்ட சின்ன மண்சட்டியில ஒழுங்கா முட்டை வைக்குது. மூணு தடவை பொரிச்ச குஞ்சுகளை தனித் தொட்டிக்கு மாத்துனேன், மூணு தடவையும் நாலாவது இல்லன்னா அஞ்சாவது நாள் மொத்தமா செத்துப்போச்சு. ஃபிளேக் தீனியை நைசா பொடிச்சும், அவிச்ச முட்டை மஞ்சக்கருவைக் கரைச்சும் குடுத்தேன், கப்பி குட்டியெல்லாம் அப்படித்தான் வளர்த்தேன். ஏதாவது மருந்து போடணுமா? இன்னைக்கு காலைல மறுபடி முட்டை வச்சிருக்கு. பொழைச்சா குஞ்சை எப்ப பெரிய டேங்க்ல விடலாம்?

பதில்: தம்பி, மருந்து எதுவும் வேண்டாம். உங்க குஞ்சுக்கு வந்தது நோய் இல்ல, பட்டினி. மூணு தடவையும் சொல்லி வச்ச மாதிரி ஒரே நாள்ல போகுது பாருங்க, அதுதான் அடையாளம். பொரிஞ்சு வரும்போது வயித்துல கொஞ்சூண்டு மஞ்சக்கரு ஒட்டியிருக்கும், அதை வச்சு ஒரு நாள் ஓட்டும், அப்புறம் சொந்த உடம்பைக் கரைச்சு ரெண்டு மூணு நாள் தாக்குப்பிடிக்கும், அதுக்கு மேல அதால முடியாது.

கப்பி கணக்கு இங்க செல்லாதுங்க. கப்பி குட்டி போடுற மீன், பொறக்கும்போதே கிட்டத்தட்ட முழு மீனாத்தான் வருது, பொடி எதைத் தூவினாலும் கவ்விக்கும். க்ளவுன் குஞ்சு 3, 4 மி.மீ. தான், பாதி உடம்பு கண்ணாடி மாதிரி, பாத்தா ரெண்டு கருப்புக் கண்ணு மட்டும் நீந்துற மாதிரி இருக்கும். அது முன்னாடி அசையுறதைத்தான் தீனின்னு நினைக்கும், சும்மா மெதக்குற மஞ்சக்கருவைத் திரும்பிக்கூட பாக்காது. நீங்க ஊத்துனது அப்படியே அடியில உக்காந்து அழுகி அமோனியாவா மாறியிருக்கும், ஒரு பக்கம் பசி இன்னொரு பக்கம் விஷம், ரெண்டுக்கும் நடுவுல 4 மி.மீ. உயிர் என்ன பண்ணும்.

அதனால நான் சொல்றது உங்களுக்கு கஷ்டமாத்தான் இருக்கும், இந்த முட்டையை விட்டுடுங்க. தண்ணி 27, 28 டிகிரி இருந்தா 7, 8 நாள்ல பொரிஞ்சிடும், அதுக்குள்ள உங்களால தீனி தயார் பண்ண முடியாது. ஜோடி செட் ஆயிடுச்சுன்னா சுமாரா 10 நாள்ல இருந்து 15 நாளைக்கு ஒரு தடவை வச்சிக்கிட்டேதான் இருக்கும், அடுத்ததையோ அதுக்கடுத்ததையோ காப்பாத்துவோம். அதுவரைக்கும் தாய் தகப்பனுக்கு நல்லா போடுங்க, ஃபுரோசன் இறால், மைசிஸ்ங்கிற குட்டி இறால் மாதிரி உயிர், இப்படி மாத்தி மாத்தி ஒரு நாளைக்கு மூணு தடவையாவது, ஏன்னா குஞ்சோட முதல் நாள் பலம் அம்மா தின்னதுல இருந்துதான் வருது.

இப்ப தீனி விஷயம். ஹேச்சரிகாரங்க எல்லாரும் முதல்ல குடுக்குறது ரோட்டிஃபர். கண்ணுக்குத் தூசி மாதிரி தெரியுற ஒரு உயிர், ஒரு மி.மீ.ல பத்துல ஒண்ணு, ரெண்டு பங்குதான் இருக்கும், மெதுவா உருண்டு உருண்டு நீந்தும், குஞ்சால துரத்திப் பிடிக்க முடியுற வேகம். ஆர்ட்டீமியா, அதாவது உப்புத் தண்ணியில பொரிக்கிற குட்டி இறால் மாதிரி உயிர், அதைப் போடலாமேன்னு கேப்பீங்க, அப்பத்தான் பொரிஞ்ச ஆர்ட்டீமியாவே அரை மி.மீ. கிட்ட வரும், முதல் சில நாள் இது வாய்க்கு அது நுழையாது.

ரோட்டிஃபர் வளர்க்க 20 லிட்டர் பக்கெட் ரெண்டு வாங்குங்க. ஒண்ணு போதாதான்னு யோசிக்காதீங்க, ரோட்டிஃபர் கல்ச்சர், அதாவது பக்கெட்ல வளர்க்குற கூட்டம், ஒரு நாள் ராத்திரியில அப்படியே படுத்துடும், காலைல பாத்தா நுரை கட்டி நாறும், அன்னைக்கு உங்க கையில குஞ்சு இருந்துச்சுன்னா கதை முடிஞ்சது. அதனால எப்பவும் ரெண்டு. உப்பு டேங்க்ல இருக்குறதவிட கொஞ்சம் கம்மியா, உப்பு அளக்குற ஹைட்ரோமீட்டர்ல 1.015 பக்கம் வச்சா நல்லா பெருகும். ஏர் ஸ்டோன் வேண்டாம், வெறும் டியூபை அடி வரைக்கும் விட்டு பெரிய குமிழியா வர வைங்க, பொடிக்குமிழி அதுங்களை நுரையோட மேல தள்ளிடும். தீனி நானோகுளோராப்சிஸ் பாசி, பேஸ்ட்டா கிடைச்சா ஃபிரிட்ஜ்ல வச்சு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை, தண்ணி லேசா பச்சை அடிக்கிற அளவுக்கு. பச்சை சுத்தமா தெளிஞ்சிடுச்சுன்னா பசியில இருக்குன்னு அர்த்தம், கரும்பச்சையாவே நின்னுச்சுன்னா நீங்க அதிகமா ஊத்திட்டீங்க. ஈஸ்ட் போட்டாலும் பெருகும், ஆனா அந்த ரோட்டிஃபர் பதர் நெல்லு மாதிரி, எண்ணிக்கை இருக்கும் சத்து இருக்காது, அதுல ஒமேகா-3 கொழுப்பு கம்மி. உயிர்ப் பாசி தனியா வளர்க்குறதா இருந்தா அதை ரோட்டிஃபர் பக்கெட்டுக்கு பக்கத்துலயே வைக்காதீங்க, கப்பு டியூபு எதையும் மாத்திப் புழங்காதீங்க, ஒரு சொட்டு தெறிச்சா போதும், சில நாள்ல பாசி மொத்தத்தையும் தின்னு தீத்துடும்.

எவ்ளோ இருக்குன்னு பாக்க பெரிய கருவி எதுவும் தேவையில்ல. சொட்டு மருந்து டிராப்பர்ல ஒரு சொட்டு எடுத்து கண்ணாடித் துண்டுல விட்டு, அடியில கருப்பு பேப்பர் வச்சு, பக்கவாட்டுல டார்ச் அடிச்சு லென்ஸ்ல பாருங்க, வெள்ளைப் புள்ளிங்க உருளும். 20 சொட்டு சேர்ந்தா சுமாரா 1 மி.லி., அதனால ஒரு சொட்டுல 10 இருந்தா மி.லி.க்கு 200. நல்லா இருக்குற கல்ச்சர்ல நெறைய ரோட்டிஃபர் பின்பக்கம் முட்டையைத் தொங்கவிட்டுக்கிட்டு நீந்தும், முட்டை சுமக்குறது குறைஞ்சிக்கிட்டே வருதுன்னா கல்ச்சர் படுக்கப்போகுதுன்னு ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சிக்கலாம். தினமும் கால் பங்கு தண்ணியை 50 மைக்ரான் துணியில வடிச்சு எடுங்க, அதே அளவு புது உப்புத் தண்ணி ஊத்துங்க. எடுக்காம விட்டா நல்லா சேரும்னு நினைக்காதீங்க, எடுக்க எடுக்கத்தான் பெருகும். வடிச்சதை நல்ல உப்புத் தண்ணியில ஒரு தடவை அலசித்தான் குஞ்சுக்கு விடணும், பக்கெட் தண்ணியில அமோனியா ஜாஸ்தி.

கணக்கு போட்டுக்குங்க. குஞ்சுத் தொட்டி 20 லிட்டர், மி.லி.க்கு 10 ரோட்டிஃபர் நிக்கணும், அப்ப மொத்தம் 2 லட்சம். மி.லி.க்கு 200 இருக்குற பக்கெட்ல 1 லிட்டர் வடிச்சா அந்த 2 லட்சம் வந்துடும். தின்னத் தின்ன குறையும், அதை தினம் ரெண்டு மூணு தடவை பாத்து ஈடு கட்டணும். ரெண்டு பக்கெட்டும் தொடர்ந்து ரெண்டு வாரம் இந்த அளவுல நின்னுச்சுன்னா மட்டும் அடுத்த முட்டையில கை வைங்க.

முட்டை ஆரஞ்சுல இருந்து பழுப்பாகி, கடைசியில உள்ள இருக்குற கண்ணு வெள்ளி மாதிரி மின்னும். அன்னைக்கு ராத்திரி பொரியும். லைட் அணைச்சு முழு இருட்டு ஆன ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வரும். சாயங்காலமே சட்டியை, முட்டை வெளிக்காத்து படாம, தண்ணிக்குள்ளயே ஒரு பாத்திரத்துல வாங்கி குஞ்சுத் தொட்டிக்கு மாத்திடுங்க, தொட்டித் தண்ணியும் அதே பெரிய டேங்க் தண்ணியாவே இருக்கணும். அப்பன் துடுப்பால விசிறிக்கிட்டே இருந்துச்சுல்ல, அந்த வேலையை இப்ப ஏர் செய்யணும், முட்டை லேசா ஆடுற அளவுக்கு பக்கத்துல குமிழி விடுங்க. பொரிஞ்சதும் காத்தைக் குறைச்சு நொடிக்கு ஒண்ணு ரெண்டு குமிழின்னு வச்சிடணும். அன்னைக்கு பொரியலன்னா பதறாதீங்க, மறுநாள் ராத்திரி வந்துடும். டேங்க்லயே பொரிய விட்டுட்டு ஒரு மூலையில டார்ச் காட்டி கூட்டம் சேர்ந்ததும் கப்புல மொண்டும் எடுக்கலாம், வலை மட்டும் கூடவே கூடாது, வலையில பட்ட குஞ்சு பொழைக்காது.

லைட் விஷயத்துல ரொம்ப கவனம் தம்பி. ஆரம்ப காலத்துல நான் ஒரு தடவை நடுராத்திரி பொரிஞ்சிடுச்சான்னு பாக்குற ஆசையில ரூம் டியூப்லைட்டை பட்டுனு போட்டேன், நூத்துக்கணக்குல இருந்ததுல பாதி அப்படியே சுழண்டு அடியில விழுந்துச்சு. அதுல இருந்து எந்தத் தொட்டியிலயும் குஞ்சு இருக்கும்போது ஒரு சின்ன லைட்டாவது ராத்திரி முழுக்க எரியும், காலைல அறை வெளிச்சம் வந்த பிறகுதான் மெயின் லைட்.

குஞ்சுத் தொட்டியோட நாலு பக்கமும் அடியும் கருப்பா இருக்கணும், வெளிய கருப்பு சார்ட் ஒட்டுனா போதும். வெளிச்சம் மேல இருந்து மட்டும் வரணும், பக்கவாட்டுல வந்தா குஞ்சுங்க தின்றதை விட்டுட்டு கண்ணாடியில போய் முட்டிக்கிட்டே கிடக்கும். தண்ணியில கொஞ்சம் பாசி கலந்து வெளிர்பச்சையா வச்சிக்கலாம், வெளிச்சம் மட்டுப்படும், உள்ள இருக்குற ரோட்டிஃபரும் பட்டினி கிடக்காது. மணல், கல்லு, ஃபில்டர் எதுவும் இப்ப வேண்டாம்.

ரெண்டாவது நாள் லென்ஸை எடுத்துக்கிட்டு ஒரு பத்து நிமிஷம் தொட்டிகிட்ட உக்காருங்க. ஒரு குஞ்சையே பாத்துக்கிட்டு இருங்க, நீந்திக்கிட்டே வந்து திடீர்னு நிக்கும், உடம்பை பாம்பு மாதிரி வளைக்கும், ஒரு நொடி அப்படியே குறி பாக்கும், அப்புறம் சுண்டி விட்ட மாதிரி முன்னாடி பாயும். அதுதான் ரோட்டிஃபரைப் பிடிக்கிறது. அதைப் பாத்துட்டீங்கன்னா பாதி கிணறு தாண்டியாச்சு. வயிறு உருண்டையா தெரியும், ஒட்டிப்போய் தலை மட்டும் பெருசா தெரிஞ்சா தின்னலைன்னு அர்த்தம், உடனே ரோட்டிஃபர் எண்ணிக்கையைப் பாருங்க.

பசி தீந்துச்சுன்னா அடுத்த எமன் அமோனியா. டெஸ்ட் கிட் வச்சு தினமும் பாருங்க, பூஜ்ஜியத்துலயே நிக்கணும். ரெண்டாவது மூணாவது நாள்ல இருந்து ஏர் டியூபால அடியில கிடக்குற செத்ததையும் அழுக்கையும் மெதுவா உறிஞ்சி எடுத்துட்டு, பெரிய டேங்க் தண்ணியை சொட்டு சொட்டா 10 சதவீதம் விடுங்க. ஒரே மூச்சுல ஊத்துனா அதிர்ச்சியிலயே போயிடும்.

ஆறாவது நாள் வாக்குல குஞ்சு கொஞ்சம் தடிச்சிருக்கும், அப்ப புதுசா பொரிஞ்ச ஆர்ட்டீமியாவை கொஞ்சமா காட்டுங்க, பொரிஞ்ச அன்னைக்கே குடுக்கணும், நேரம் ஆக ஆக அது தன் சத்தையே தின்னு தீத்துடும். தின்ன குஞ்சோட வயிறு ஆரஞ்சா தெரியும். ஆர்ட்டீமியா முட்டை ஓடு கலந்து போனா குஞ்சுக்கு குடல் அடைச்சிக்கும், அதனால ஏரை நிறுத்தி, ஓடு மேல மெதந்ததும் அடியில லைட் காட்டி, அங்க சேர்ற ஆர்ட்டீமியாவை மட்டும் உறிஞ்சி எடுங்க. ரோட்டிஃபரை உடனே நிறுத்தாதீங்க, கூட்டத்துல சின்னதுங்க இன்னும் அதை நம்பித்தான் இருக்கும், மூணு நாலு நாள் ரெண்டும் சேர்ந்து ஓடட்டும்.

எட்டாவது நாள்ல இருந்து பன்னெண்டாவது நாளுக்குள்ள இன்னொரு கண்டம் இருக்கு. குஞ்சு உருவம் மாறும் நேரம் அது, நேத்து வரை நல்லா தின்னது திடீர்னு துடிச்சு சாகும், தொட்டியைத் தட்டுனாலே கூட சுருண்டு விழும். பெரும்பாலும் இது ஒமேகா-3 கொழுப்பு பத்தாத குறைதான். அதுக்குத்தான் ரோட்டிஃபரை நல்ல பாசியில வளர்க்கச் சொன்னேன். இந்தக் கண்டத்தைத் தாண்டுனா தலைக்குப் பின்னாடி வெள்ளைப் பட்டை முதல்ல தெரியும், அப்புறம் நடு உடம்புல, குஞ்சும் நடுத்தண்ணியை விட்டு கீழ இறங்கி சுவரோரமா தத்தித் தத்தி நீந்த ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் இழப்பு ரொம்ப கம்மி, நைஸ் பொடித் தீனிக்கும் மெதுவா பழக்கிடலாம்.

பெரிய டேங்க்ல எப்ப விடலாம்னு கேட்டீங்கல்ல, அவசரப்படாதீங்க. பட்டை வந்த குஞ்சும் அங்க இருக்குற மீனுக்கு இரைதான், பெத்தவங்ககிட்ட விட்டாலும் அதே கதிதான். உருவம் மாறி ஒரு வாரம் போனதும் 60 லிட்டராவது பிடிக்கிற தனித் தொட்டிக்கு கப்புல மொண்டு மாத்துங்க, ஒரு இஞ்ச் வர்ற வரைக்கும் சில மாசம் அங்கயே வளரட்டும். அந்தத் தொட்டிக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வேணும், அதை இன்னைக்கே வாங்கி உங்க 200 லிட்டர் டேங்க்ல ஒரு மூலையில ஓட விட்டுடுங்க, ரோட்டிஃபர் தயாராகி குஞ்சும் வளர்ந்து வர்றதுக்குள்ள அதுல பாக்டீரியா நல்லா ஊறியிருக்கும்.